தொட்டிக்கு அடங்காத செடி

நம் சங்கத்தின் அங்கத்தினர்களுள் பூப்பயிர் செய்வோர் சிலர், ஆர்க்கிட் என்னும் மலர்ச்செடியைப் பற்றிச் சில மாதங்களாக நம்மிடம் கேட்டு வருகின்றனர். நிழல்வலைக் குடில் அமைக்க அரசாங்க மானியம் கிடைக்கிறதே, மீதித் தொகைக்குச் சங்கம் கடன் கொடுக்குமா என்பது ஒரு சாரார் வினா. வாங்கி வந்த செடி தொட்டியை விட்டு வெளியே கால் நீட்டிக்கொண்டு அலங்கோலமாய் நிற்கிறதே, அதை என் செய்வது என்பது மற்றொரு சாரார் வினா. முதலாவது பணத்தைப் பற்றியது; இரண்டாவது செடியைப் பற்றியது. இரண்டாவதற்கு விடை காணாதவர் முதலாவதைக் கேட்கலாகாது என்பதே நமது அபிப்பிராயம். அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம்.

திருவாதவூர்க்காரருக்குப் பூவின் அருமையை யாரும் புதிதாக எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மணிவாசகர் தோன்றிய ஊர் இது. குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களை வரிசைப்படுத்திய கபிலரும் இவ்வூரிற் பிறந்தவரே என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. 2013-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிகையின் பெருமையில் நம் வட்டாரத்துக் குடியானவர்க்கும் பங்குண்டு. ஆயினும், மல்லிகை கற்றுக்கொடுத்த பழக்கமே ஆர்க்கிட்டுக்கு எமனாக முடிகிறது என்பதைக் கண்ணாரக் கண்டிருக்கிறோம். மல்லிகைப் புதரைக் கார்த்திகையில் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு வெட்டி விடுகிறோம். வெட்ட வெட்ட அது தழைக்கிறது. நெல் நாற்றைப் பிடுங்கிச் சேற்றில் ஊன்றுகிறோம். ஊன்றியதும் அது வேர் பிடிக்கிறது. வெட்டுவதும் ஊன்றுவதுமே செடிக்குச் செய்யும் உபகாரம் என்று நம் கைகள் பழகிவிட்டன. அந்தக் கைகளுக்கு முன் ஆர்க்கிட் வந்து நின்றால் அதன் கதி என்ன ஆகும்?

பிறர் குற்றத்தை எடுத்துக்காட்டுவதினும் நம் குற்றத்தைச் சொல்வது முறை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாற்றுப்பண்ணையிலிருந்து டெண்ட்ரோபியம் வகையில் நான்கு செடிகள் வாங்கி வந்தோம். விற்றவர், “நிழலில் வைத்துத் தண்ணீர் தெளியுங்கள்” என்று சொன்னதோடு சரி. இரண்டு ஆண்டுகள் அவை நன்றாகவே பூத்தன. அதன்பின் ஒவ்வொன்றும் தன் மனம்போல் வளரத் தொடங்கிற்று. புதிய குருத்துக்கள் தொட்டியின் விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் முளைத்தன. வெள்ளை வெள்ளையாய் வேர்கள், அறுந்த பாவுநூல் போல நாற்புறமும் தொங்கின. இலை உதிர்ந்த பழைய தண்டுகள் மொட்டைக் குச்சிகளாய் நின்றன. அவற்றின் நுனியிலே குட்டிச் செடிகள் முளைத்துக் கூட்டுக் குடும்பம் நடத்தின. வீட்டிற்கு வந்தவர்கள், “இது என்ன, கவனிப்பாரற்ற செடியா?” என்று கேட்கும் நிலை வந்துவிட்டது.

ஒரு விடுமுறை நாளில் நாமும் கச்சை கட்டிக்கொண்டு இறங்கினோம். பெரிய தொட்டிகளை வாங்கிச் செம்மண்ணும் தொழுவுரமும் நிரப்பினோம். தொங்கிய வேர்களைக் கத்தரித்தோம். மொட்டைத் தண்டுகளை அடியோடு வெட்டினோம். செடியின் அடிப்பாகத்தை நான்கு விரற்கடை ஆழத்திற் புதைத்து, மண்ணை அழுத்தி, குடம் நீர் ஊற்றினோம். அன்று மாலை அவை மூன்றும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் போல ஒழுங்காக நின்றன. நாற்பது நாட்களுக்குள் மூன்றும் அடி கறுத்து அழுகிப் போயின. நான்காவது செடிக்குத் தொட்டி போதாமையால் அதைக் கிணற்றடித் துவைகல்லின் ஓரத்தில் அதன் விரிந்த சட்டியோடே விட்டு வைத்திருந்தோம். அது இன்றும் பூக்கிறது. அது பிழைத்தது நமது அறிவினால் அன்று. ஒரு தொட்டி குறைந்தமையால்.

ஏன் இவ்வாறு ஆயிற்று என்று விசாரிக்கப் புகுந்த பின்னரே, நாம் அலங்கோலம் என்று எண்ணியது அச்செடியின் ஒழுங்கு என்பது விளங்கிற்று. ஆர்க்கிட் குடும்பத்தில் உலகெங்கும் ஏறத்தாழ 28,000 இனங்கள் உள்ளன. நம் நாட்டில் 1,256 இனங்கள் என்று இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வு நிறுவனம் 2019-இல் வெளியிட்ட பட்டியல் கூறுகிறது. இவற்றுள் நிலத்தில் வளர்வனவும் உண்டு. ஆனால் நாம் காசு கொடுத்து வாங்குபவை பெரும்பாலும் மரக்கிளைகளில் தொற்றி வாழும் இனத்தைச் சேர்ந்தவை. அவற்றின் வேர் மண்ணைத் துளைப்பதற்காக அமைந்ததன்று. மரப்பட்டையைப் பற்றிக்கொள்வதற்கும், மழையையும் பனியையும் அந்தரத்திலேயே குடிப்பதற்கும் அமைந்தது. வேரின்மேல் வெண்மையான பஞ்சுப்போர்வை ஒன்று இருக்கிறது. நீர் பட்டதும் அப்போர்வை அதை உறிஞ்சிக்கொள்ள, உள்ளிருக்கும் பச்சை வெளியே தெரிகிறது; காய்ந்ததும் மீண்டும் வெளுக்கிறது. நனைவதும் காய்வதும் மாறி மாறி நிகழ்ந்தால்தான் அந்த வேர் வாழும். அதனை ஈரமண்ணிற் புதைப்பது, மூக்கைப் பொத்திக்கொண்டு சோறூட்டுவதற்கு ஒப்பாகும்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். தொற்றி வாழ்தல் வேறு, உறிஞ்சி வாழ்தல் வேறு. புல்லுருவி மாமரத்தின் பட்டைக்குள் வேரைச் செலுத்தி அதன் சாற்றைக் குடிக்கிறது. ஆர்க்கிட்டோ மரத்தை இருக்கையாகக் கொள்கிறதேயன்றி இரையாகக் கொள்வதில்லை. தமிழ்நாட்டுச் சமவெளியிலேயே மாமரம் முதலியவற்றில் தானாக வளரும் வாண்டா இனம் ஒன்று இருக்கிறது. வாண்டா டெசலாட்டா என்பது அதன் நூற்பெயர். கட்டம் போட்ட துணியைப் போல இதழெங்கும் பழுப்புக் கோடுகள் ஓட, நடுவில் நீலமோ ஊதாவோ கலந்த உதடு கொண்டு, நல்ல மணத்தோடு பூக்கும். மரத்தில் ஒட்டி வளர்வதைக் குறிக்கும் வடமொழிச் சொல்லே வந்தா என்பது. வில்லியம் ஜோன்ஸ் என்னும் அறிஞர் இச்செடியைப் பற்றி எழுதி, 1795-இல் அச்சில் வெளிவந்த கட்டுரையில் அச்சொல்லையே ஆண்டார். இன்று உலகமெங்கும் வழங்கும் வாண்டா என்னும் பெயர் அதுவே. இத்தகைய செடியைப் புல்லுருவி என்று மயங்கி, மாந்தோப்பில் அரிவாள் கொண்டு சீவி எறிந்தவரை நாம் அறிவோம். மரத்துக்கு அதனால் ஒரு பழம்கூட மிகுந்திராது.

இனி, இச்செடிகளின் நடையைப் பார்ப்போம். நடை என்று சொல்வது அலங்காரத்துக்காக அன்று. அவை உண்மையிலேயே நடக்கின்றன. டெண்ட்ரோபியம், கேட்லியா, ஆன்சிடியம் முதலியவை மஞ்சளும் இஞ்சியும் போலப் பக்கவாட்டில் நடப்பவை. ஒவ்வொரு பருவத்திலும் முன்தண்டின் அடியிலிருந்து ஒரு முளை கிளம்பி, சிறிது தூரம் தள்ளிப் புதிய தண்டாக எழும். சில இனங்களில் இத்தூரம் ஒரு விரற்கடை. சில இனங்களில் ஒரு சாணுக்கும் மேல். சில ஒவ்வோர் அடிக்கும் சற்று மேலே ஏறி, படிக்கட்டுப் போலத் தொட்டியை விட்டு உயர்ந்துகொண்டே போகும். வாண்டா இனம் அவ்வாறன்று. அதற்கு ஒரே தண்டுதான். அது மேல்நோக்கி ஏறிக்கொண்டேயிருக்கும். கீழிலைகள் உதிர, இடுப்பிலிருந்து கயிறு கயிறாய் வேர் இறங்கும். தொட்டி என்பது விற்பவருக்கும் சுமப்பவருக்கும் சௌகரியமே தவிர, இவ்விரு வகையில் எதுவும் அதைக் கேட்டதில்லை.

பழந்தண்டு இலை உதிர்ந்து மொட்டையாய் நின்றால் அது செத்தது என்று எண்ணி வெட்டுவதே நம்மவர் செய்யும் முதற்பிழை. அது செடியின் களஞ்சியம். நீரும் உணவும் அதிலே சேர்ந்திருக்கின்றன. புதுக்குருத்து அதைக் குடித்தே வளர்கிறது. சில சமயம் அந்த மொட்டைத் தண்டிலேயே மறுபடியும் பூங்கதிர் வருவதும் உண்டு. சுருங்கி, மஞ்சளித்து, அழுத்தினால் உள்ளீடற்றுப் போனதை மட்டுமே நீக்கலாம். நுனியில் முளைக்கும் குட்டிச் செடியை ஹவாய்த் தீவினர் ‘கெய்கி’, அதாவது குழந்தை, என்பர். வேர் இரண்டு மூன்று விரற்கடை நீண்டபின் அதைத் தனியே எடுத்து வைத்தால் இலவசமாக ஒரு செடி. ஆனால் குழந்தைகள் அளவுக்கு மீறிப் பெருகினால் தாய்க்கு ஏதோ குறை என்று கொள்ளவேண்டும். பெரும்பாலும் அடிவேர் அழுகியிருக்கும், அல்லது கட்டை மட்கியிருக்கும். அலங்கோலத்திலும் நல்லது, தீயது உண்டு என்பதற்காக இதைச் சொல்கிறோம்.

அப்படியானால் தொட்டி மாற்றவே வேண்டாமா என்று கேட்கலாம். மாற்றத்தான் வேண்டும், அழகுக்காக அன்று, அடியிலிருக்கும் மட்டையும் கரியும் மட்கி ஈரத்தைப் பிடித்துக்கொள்வதால். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அது அவசியமாகிறது. எப்போது மாற்றுவது என்பதற்குப் பஞ்சாங்கம் பார்ப்பதைக் காட்டிலும் செடியைப் பார்ப்பது மேல். புதுக்குருத்தின் அடியில் பச்சையாகவோ செந்நிறமாகவோ வேர்முனைகள் அரிசி அளவுக்குத் தலைகாட்டும். அந்த வாரமே மாற்றும் வாரம். வேர் நீண்டபின் மாற்றினால் முனை ஒடிந்துவிடும். ஒடிந்த முனை மீண்டும் வளர்வது அருமை. மதுரைச் சமவெளியில் சித்திரை, வைகாசி மாதங்களில் வெயில் 40 பாகையை எட்டும்போது எந்தச் செடியையும் பெயர்க்கலாகாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பெயர்த்தால் வெட்டுவாயில் அழுகல் ஏறும். ஆடியும் ஆவணியும் நமக்கு ஒத்து வந்திருக்கின்றன.

பெயர்க்கும் முறையை நாம் கற்றது நூலிலிருந்து அன்று. பிழைத்திருந்த அந்த நான்காவது செடியைப் பார்க்க நேர்ந்த ஒரு நெசவாளர் வீட்டு மூதாட்டியிடமிருந்து. ஆர்க்கிட் என்ற பெயரை அவர் அதற்கு முன் கேட்டதில்லை. நாம் சட்டியிலிருந்து செடியைப் பிடுங்க முயல்வதைக் கண்டு, “இழுக்காதீங்க தம்பி, சிக்கு விழுந்த நூலை இழுத்தா என்ன ஆகும்? தண்ணியிலே ஊறப் போடுங்க” என்றார். அரைமணி நேரம் ஊறியபின் வறண்டு விறைத்திருந்த வேர்கள் பச்சையாகி வளைந்து கொடுத்தன. அவர் திண்ணையில் அமர்ந்து, சிட்டத்தில் நுனி தேடுவது போல் ஒவ்வொரு வேரின் போக்கையும் விரலாலே தடவிப் பார்த்து விடுவித்தார். சட்டிச் சுவரோடு ஒட்டிப்போன வேர்களை என் செய்வது என்று நாம் கேட்பதற்குள், சட்டியைக் கல்லில் மெல்லத் தட்டி உடைத்து, “ஓடு ஒட்டினா ஓட்டோடே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டார். வேர் பிடித்த ஓட்டுத்துண்டோடே புதிய இடத்தில் வைப்பதுதான் முறை என்று பின்னர் அனுபவசாலிகள் சொல்லக் கேட்டோம். சுங்குடிக்கு முடிச்சுப் போடும் விரல்களும், அறுந்த பாவு இழையைத் தேடிப் பிணைக்கும் விரல்களும் உடைய ஊரில் இவ்வேலைக்கு ஆள் தேட வேண்டியதில்லை. குடியானவன் கை முரட்டுக் கை. இதிலே நெசவாளர் கையே முந்தும் என்பதை மனமார ஒப்புக்கொள்கிறோம்.

பிரிக்கும்போது ஒவ்வொரு பங்கிலும் மூன்று அல்லது நான்கு தண்டுகளேனும் சேர்ந்திருக்க வேண்டும். பத்துத் தண்டுள்ள செடியைப் பத்தாகப் பிரிப்பவர், பத்து நோயாளிகளைப் பெறுவார். கத்தியை ஒவ்வொரு செடிக்கும் நெருப்பிற் காட்டிய பின்னரே உபயோகிக்க வேண்டும். ஆர்க்கிட்டைத் தாக்கும் வைரஸ் நோய்கள் கத்தியின் ஈரத்தோடு செடிக்குச் செடி தாவுகின்றன. வந்தபின் அவற்றுக்கு மருந்து கிடையாது. வெட்டுவாயில் கரித்தூளோ மஞ்சள்தூளோ தடவிவிடுவது நம் வழக்கம். நட்ட பின் சில நாள் நீர் ஊற்றாமல், இலைமேல் மட்டும் பனிபோலத் தெளித்து வந்தால், காயம் ஆறி வேர் தேடத் தொடங்கும்.

நடுவதற்கு என்ன வேண்டும்? மண் வேண்டாம். அடுப்புக்கரி, உடைந்த ஓட்டுச்சில்லு, செங்கல் துண்டு, தேங்காய் மட்டை ஆகிய நான்கும் நம்மூரிலேயே கிடைப்பவை. மட்டையில் இயல்பாகவே உப்புண்டு; அதைச் சில நாள் நீர் மாற்றி ஊறவைத்துக் கழுவியபின் உபயோகிக்க வேண்டும். மழைக்காலத்தில் மட்டை நெடுநேரம் ஈரம் பிடிக்கும். கோடையில் ஓடு மட்டும் இருந்தால் நடுப்பகலுக்குள் காய்ந்துவிடும். இரண்டையும் கலப்பதே நம் ஊருக்கு ஏற்றது. புதுக்குருத்து வரும் பக்கம் இடம் விட்டு, பழந்தண்டின் பக்கத்தைத் தொட்டி விளிம்போடு சேர்த்து வைக்க வேண்டும். நடப்பவனுக்கு முன்னால்தான் வழி வேண்டும், பின்னால் அன்று. கிடைத்தண்டு மேலேயே தெரியட்டும். ஆடாமலிருக்க ஒரு குச்சி நட்டுக் கட்டிவிட்டால் போதும்.

நம் வட்டாரத்தில் இவை எல்லாவற்றினும் பெரிய இடர்ப்பாடு தண்ணீரே. ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் உப்பும் கடினமுமாக இருக்கிறது. நெல்லும் தென்னையும் பொறுத்துக்கொள்வதை ஆர்க்கிட் வேர் பொறுப்பதில்லை. கரியின்மேல் வெள்ளைப் பொருக்குப் படிவதும், வேர்முனை கருகுவதும் அதன் அடையாளம். ஓட்டுக்கூரையில் விழும் மழைநீரைத் தொட்டியில் பிடித்து வைத்து அதையே தெளிப்பவர்களுடைய செடிகளுக்கும் மற்றவர்களுடைய செடிகளுக்கும் உள்ள வேறுபாட்டை எவரும் காணலாம். உரமும் அவ்வாறே, வாரத்துக்கொரு முறை மிக நீர்த்ததாகக் கொடுத்து, இடையிடையே வெறும் நீரால் கழுவிவிட வேண்டும். மல்லிகைக்குப் போடுவது போல் கையள்ளிப் போட்டால் முடிந்தது கதை.

இதுவரை சொன்னது தொட்டிக்கு இணங்கும் செடிகளுக்கு. இணங்காதவற்றை என்ன செய்வது? நமது துணிவான கருத்து, அவற்றைத் தொட்டியிலிருந்து விடுதலை செய்துவிட வேண்டும் என்பதே. நீண்ட கிடைத்தண்டு உடையனவற்றையும், படியேறும் இனங்களையும், வாண்டாவையும் மரத்தில் கட்டிவிடலாம். அல்லது இடைவெளி விட்டு மரச்சட்டம் அடித்த கூடையில் தொங்கவிடலாம். மாமரம், பலாமரம், ஈழத்தலரி போலப் பட்டை உதிராத மரமாக இருக்க வேண்டும். ஆண்டுதோறும் பட்டையுரிக்கும் கொய்யாவும் தைலமரமும் உதவா. கட்டுவதற்கு நைலான் கயிறு தேடி அலைய வேண்டாம்; தண்டு பருக்கும்போது அது அறுக்கும். நம் தறிக்கூடங்களில் மூலையிற் கிடக்கும் கழிவுப் பருத்திநூலை நான்கைந்து இழை சேர்த்து முறுக்கிக் கட்டினால் போதும். வேர் மரத்தைப் பற்றும்வரை அது தாங்கும். பற்றிய பின் தானே இற்று விழுந்துவிடும். இதைவிடப் பொருத்தமான கயிறு எங்கே இருக்கிறது? முளைக்கண்ணின்மேல் மட்டும் இழை படியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒழுங்கற்ற செடியால் பயனில்லை என்பார் சிங்கப்பூரை நினைத்துப் பார்க்கட்டும். அங்கே ஆக்னஸ் ஜோக்கிம் என்ற அம்மையாரின் தோட்டத்தில் தோன்றி, 1893-இல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட ‘வாண்டா மிஸ் ஜோக்கிம்’ என்னும் கலப்பினத்தை 1981-இல் அந்நாடு தன் தேசிய மலராக ஏற்றது. அச்செடியைக் கண்டவர்கள் முதலில் புல் என்றே எண்ணுவர். பென்சில் போன்ற உருண்டை இலைகளோடு கொடியுமாகாமல் செடியுமாகாமல் ஆளுயரத்துக்கு மேல் தாறுமாறாய் ஏறுவது அது. முழுவெயிலில், பாத்தியில், கம்பு நட்டுக் கட்டி வளர்க்கிறார்கள். வேடிக்கை என்னவெனில், கட்டிய கம்பின் தலையை மீறி அதன் நுனி வெளியே போன பின்னர்தான் அது தாராளமாகப் பூக்கிறது! கம்புக்குள் அடங்கியிருக்கும்வரை பூக்க மனம் வராது. அடி மிகவும் மொட்டையாகிவிட்டால் வேரோடு கூடிய மேற்பாதியை வெட்டி மறுபடி ஊன்றுவார்கள். தொட்டி மாற்றும் வேலை அதோடு முடிந்தது. ஹவாய்த் தீவில் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் இம்மலரை மாலை தொடுக்கப் பெருமளவில் பயிரிட்டனர். சிங்கப்பூரின் ஈரக்காற்று நமக்கில்லை என்பதை மறக்கலாகாது; கண்மாய்க் கரையோரத் தோட்டங்களில் நீர்த்தெளிப்போடு இரண்டு பாத்தி வைத்துப் பார்ப்பதில் நட்டம் ஒன்றும் பெரிதில்லை.

செடிக்கு எங்கே போவது என்ற கேள்வியில் நமக்கு ஓர் அச்சமும் இருக்கிறது. மலைக்குச் சுற்றுலாச் செல்வோர் கிளையோடு பிய்த்து வந்த செடிகளைச் சாக்கில் கட்டிக் கொண்டுவருவதையும், சாலையோரத்தில் அவற்றை விலைக்கு வாங்குவதையும் காண்கிறோம். காப்புக்காட்டிலிருந்து செடி பெயர்ப்பது சட்டப்படி குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். ஆர்க்கிட் காயொன்றில் இலட்சக்கணக்கான விதைகள் தூசுபோல் இருந்தாலும், அவற்றுக்குள் உணவுச் சேமிப்பு இல்லை. தக்க பூஞ்சாளத்தின் துணை கிடைத்த ஒன்றிரண்டே முளைத்துப் பல ஆண்டுகளில் செடியாகும். நாம் ஐந்து நிமிடத்தில் பிடுங்குவது அத்தனை ஆண்டுகளின் விளைவு. மேலும், குளிர்மலைச் செடி நம் சமவெளி வெயிலில் ஒரு கோடையைத் தாண்டாது. மலைச் செடிகளைப் பார்க்க விரும்புவோர் ஏற்காட்டில் தாவரவியல் மதிப்பாய்வு நிறுவனம் நடத்தும் தேசிய ஆர்க்கிட் தோட்டத்துக்குச் சென்று கண்குளிரப் பார்க்கலாம். வாங்குவதற்குச் சோதனைச்சாலையில் பிறந்த செடிகளே இருக்கின்றன. 1922-இல் அமெரிக்கப் பேராசிரியர் நட்சன், பூஞ்சாளமின்றியே சர்க்கரை கலந்த கூழில் விதையை முளைக்க வைத்தார். 1960-இல் பிரான்சு நாட்டு மோரெல் குருத்து நுனியிலிருந்தே செடிகளைப் பெருக்கும் வழியைக் காட்டினார். சீமான்களின் கண்ணாடி மாளிகையில் இருந்த செடி நம் திண்ணைக்கு வந்தது இவ்விருவராலேதான். சிக்கிமில் பாக்யோங் என்னுமிடத்தில் 1996 முதல் மத்திய அரசின் ஆர்க்கிட் ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. ஆனால் அப்பக்கத்தில் பெயர்பெற்ற சிம்பிடியம் குளிர்நாட்டுச் செடி. படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு அதை இங்கே வரவழைக்க வேண்டாம்.

இப்போது கடன் விஷயத்துக்கு வருகிறோம். நிழல்வலைக் குடிலுக்கான திட்ட மதிப்பீடுகள் சிலவற்றை அங்கத்தினர்கள் நம்மிடம் காட்டினார்கள். செடி விலை இருக்கிறது, வலை விலை இருக்கிறது, இரும்புக் குழாய், நீர்த்தெளிப்பான் எல்லாம் இருக்கின்றன. மூன்றாம் ஆண்டில் ஆயிரம் செடிகளுக்கும் ஒரே பருவத்தில் கட்டை மாற்ற வேண்டி வருமே, அதற்குக் கூலி எத்தனை, ஆள் யார், புதுக்கரிக்கும் மட்டைக்கும் செலவு என்ன என்று அந்தத் தாள்களில் ஒரு வரிகூட இல்லை. வேரைப் பொறுமையாகச் சிக்கெடுக்க ஒரு செடிக்கு அரைமணி நேரம் என்றாலும் ஆயிரம் செடிக்கு 500 மணி நேரம் ஆகிறது. இதை அவசரக் கூலியாட்களைக் கொண்டு அரிவாளால் முடித்தால், நமது மூன்று செடிகளுக்கு நேர்ந்தது ஆயிரத்துக்கும் நேரும். கடன் மட்டும் அழுகாமல் அப்படியே நிற்கும்.

சந்தையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் மல்லிகைக்கு வாங்குவோர் ஆண்டு முழுதும் உண்டு. சூட, தொடுக்க, சாத்த அது வேண்டும். ஆர்க்கிட்டை எடையில் விற்பதில்லை, தண்டுக்கணக்கில் விற்க வேண்டும். வாங்குவோர் பெரும்பாலும் மணப்பந்தல் அலங்கரிப்பவர்களே. அவர்களுக்குத் தாய்லாந்து ஆர்க்கிட்டும், கேரளத்திலிருந்து வருவதும் முன்பே பழக்கம். வெட்டிய கதிர் இரண்டு வாரத்துக்கு மேலும் வாடாது என்பது நமக்கு அனுகூலம். அதே காரணத்தால் தொலைநாட்டுப் பூவும் நம் ஊரில் வாடாமல் வந்து இறங்குகிறது என்பது பிரதிகூலம். வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. மல்லிகையை அழித்துவிட்டு இதற்கு வராதீர்கள் என்று சொல்கிறோம்.

ஆதலின் நிர்வாகக் குழுவினரின் ஆலோசனைக்கு ஒன்று வைக்கிறோம். குடிலுக்குக் கடன் கொடுப்பதை இரண்டு ஆண்டுகள் நிறுத்தி வைத்து, அதற்குள் சங்கம் சிறிதளவு செடிகளைச் சமவெளிக்கு ஏற்றவையாகப் பார்த்து மொத்தமாக வாங்கி, விரும்பும் அங்கத்தினர்க்கு ஆளுக்கு இரண்டாக அடக்க விலைக்குக் கொடுக்கட்டும். பூப்பயிர் செய்வோர்க்கு மட்டுமன்றி நெசவாளர் குடும்பங்களுக்கும் கொடுக்கட்டும். அவ்விரண்டும் தொட்டியை விட்டு வெளியே நடந்து, ஒருமுறை கட்டை மாற்றப்பட்டு, மீண்டும் பூத்ததைக் காட்டுபவருக்குக் குடிற்கடன் முதலில் கிடைக்கட்டும். கட்டை மாற்றும் வேலையைச் செடிக்கு இவ்வளவு என்று கூலி நிர்ணயித்து, தறிக்கு வேலை குறைந்த நாட்களில் நெசவாளர் வீட்டுப் பெண்களுக்கே அளிக்கலாம். இது மிகுந்த தாமதம் என்று சிலர் சொல்லக்கூடும். மானியம் அடுத்த ஆண்டு இராது என்று அவர்கள் அஞ்சுவதும் நியாயமே. ஆனால் மானியம் பாதிக்குத்தான். மற்றப் பாதி உறுப்பினரின் நிலப்பத்திரத்தின்மேல் நிற்கிறது.

நமது கிணற்றடிச் செடி இவ்வாண்டு ஏழு தண்டுகளோடு நிற்கிறது. உடைந்த சட்டியின் ஓட்டுத்துண்டு இரண்டு இன்னும் அதன் வேரோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நுனிகளில் குட்டிகள் ஐந்து வேர் விட்டிருக்கின்றன. ஆடி பிறந்ததும் அவற்றை எடுக்க உத்தேசம். வேண்டுவோர் கரியும் ஓட்டுச்சில்லும் தாமே கொண்டுவரலாம். நூல் இங்கே இருக்கிறது.